முதல் வாடிக்கையாளரிடம் கற்றவை: உள்ளடக்க உத்தி படிக்கும் மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

முதுநிலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் உண்மையான ஒரு வாடிக்கையாளருக்கு வேலை செய்து காட்ட வேண்டும் என்பது எங்கள் துறையின் விதி. எனக்குக் கிடைத்தது, காவிரியின் கடைமடைப் பகுதியில் ஒரு சிறு நகரத்தில் அறக்கட்டளை ஒன்று நடத்தும் மருத்துவமனை. இருபது படுக்கைகள், ஒரு பரிசோதனைக் கூடம், ஒரு மருந்துக்கடை, பல ஆண்டுகளாக யாரும் தொடாத ஓர் இணையதளம். அந்தத் தளத்தின் உள்ளடக்கத்துக்கு உத்தி வகுத்துத் தருவதுதான் வேலை. பன்னிரண்டு வாரங்கள் உழைத்தேன். அதன்பிறகு எனக்கு அடுத்த ஆண்டுகளில் படிக்க வந்தவர்கள் நேரிலும் தொலைபேசியிலும் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். மருத்துவமனையின் பெயரையும் அங்கிருப்பவர்களின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன்.

உள்ளடக்க உத்தி என்றால் இணையதளத்துக்கு எழுதிக் கொடுப்பதுதானே?

எழுதுவது அதில் ஒரு பங்குதான். கல்யாண வீட்டில் சமைப்பவர் ஒருவர். எத்தனை பந்தி, யாரை முதலில் உட்கார வைப்பது, எந்தப் பந்திக்கு எது தீர்ந்துபோகும், மிஞ்சினால் எங்கே அனுப்புவது என்று பார்ப்பவர் வேறொருவர். உத்தி என்பது இரண்டாமவரின் வேலை. எதைச் சொல்ல வேண்டும், யாருக்கு, எந்த இடத்தில், யார் சரிபார்ப்பது, எப்போது மாற்றுவது, எப்போது நீக்கிவிடுவது என்று முடிவெடுத்த பிறகுதான் எழுதத் தொடங்குகிறோம்.

இந்தத் துறையைப் பரவலாக அறியச் செய்தவர்களில் முக்கியமானவர் கிறிஸ்டினா ஹால்வர்சன். 2009-இல் வெளிவந்த அவருடைய புத்தகம் உள்ளடக்கத்தை உருவாக்குவது, கொண்டுசேர்ப்பது, ஆளுவது (வெளியிட்ட பிறகு பொறுப்பெடுத்துப் பார்த்துக்கொள்வது) என்று மூன்று நிலைகளாகப் பார்க்கச் சொன்னது. வகுப்பில் முதல் இரண்டையும் ஆர்வமாகப் படித்தோம். மூன்றாவதைத் தேர்வுக்கு முந்தின நாள் புரட்டினோம். என் வாடிக்கையாளரிடம் எனக்கு அடி விழுந்தது அந்த மூன்றாவதில்தான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் சந்திப்பில் என்ன கேட்க வேண்டும்?

"உங்கள் தளத்தில் என்ன வேண்டும்?" என்று கேட்காதீர்கள். நான் கேட்டேன். ஆளுக்கு ஒரு பட்டியல் வந்தது. தலைவருக்கு வரவேற்புரை, மேலாளருக்குப் படத்தொகுப்பு, மருந்துக்கடைக்காரருக்குத் தனிப் பக்கம். எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு மகிழ்ச்சியோடு திரும்பினேன். அதில் ஒன்றுகூட நோயாளியின் வாயிலிருந்து வந்ததல்ல என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

இப்போது கேட்பதாக இருந்தால் இப்படிக் கேட்பேன்: "ஒரு நாளில் உங்களுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் எவை திரும்பத் திரும்ப வருகின்றன?" "கடைசியாக யார் கோபமாக வந்தார், எதற்காக?" "தளத்தில் இருக்கும் எந்தத் தகவல் இன்று தவறு என்று உங்களுக்கே தெரியும்?" மூன்றாவது கேள்விக்கு எல்லோரிடமும் பதில் இருக்கும். தெரிந்தும் மாற்றாமல் ஏன் இருக்கிறது என்று அடுத்துக் கேட்டால், நிறுவனத்தின் உள்விவகாரம் முழுவதும் மேசைக்கு வந்துவிடும். பெரும்பாலும் காரணம் சோம்பல் அல்ல. மாற்றும் உரிமை யாருக்கு என்று யாருக்கும் தெரியாது.

இருக்கும் உள்ளடக்கத்தைக் கணக்கெடுப்பது எப்படி? எவ்வளவு நாள் ஆகும்?

ஒரு எக்செல் தாள் போதும். ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வரி: முகவரி, தலைப்பு, எதற்காக இருக்கிறது, கடைசியாக எப்போது மாறியது, உண்மையா, வைப்பதா, திருத்துவதா, நீக்குவதா. பக்கங்களின் பட்டியலைத் தானாக எடுக்க ஸ்க்ரீமிங் ஃபிராக் என்ற மென்பொருள் இருக்கிறது. 500 முகவரிகள் வரை இலவசப் பதிப்பே தரும். மாணவர் திட்டத்துக்கு அதுவே தாராளம். ஆனால் பட்டியல் எடுப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்தையும் உங்கள் கண்ணால் படியுங்கள். எனக்கு ஒன்றரை வாரம் ஆனது.

தமிழ்த் தளங்களில் இரண்டு புதைகுழிகள் உண்டு. ஆங்கிலப் பாடநூல்களில் இவை இருக்காது.

முதலாவது, பழைய எழுத்துருக்கள். அந்த மருத்துவமனையின் துண்டறிக்கைகள் எல்லாம் பிடிஎஃப் கோப்புகளாகத் தளத்தில் இருந்தன. கண்ணுக்கு அழகான தமிழ். அதிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகக் கொட்டியது. எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக்குறித் தரமான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்தவை. தமிழ் 1991-இலேயே யூனிகோடில் இடம்பெற்றுவிட்டது. தமிழ்நாடு அரசும் 2010-இல் அதைத் தரமாக ஏற்றுக்கொண்டது. ஆனாலும் ஊரில் அச்சகங்களின் கணினிகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. இப்படி அடித்த கோப்பைக் கூகுளில் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. பார்வையற்றவரின் திரைவாசிப்பான் அதை உளறலாகப் படிக்கும். அந்தத் துண்டறிக்கைகளை நானே உட்கார்ந்து மறுபடி தட்டச்சு செய்தேன். அது உத்தியின் பகுதியா என்று என் ஆசிரியர் கேட்டார். ஆம் என்பதே இன்றும் என் பதில். படிக்க முடியாத ஒன்றுக்கு உத்தி வகுத்து என்ன பயன்?

இரண்டாவது, படமாக இருக்கும் எழுத்து. மருத்துவர்கள் வரும் நேரம் முழுவதும் ஒரு வண்ணச் சுவரொட்டிப் படமாக இருந்தது. ஒரு மருத்துவர் புதன்கிழமையிலிருந்து வெள்ளிக்கு மாறினால்கூட வடிவமைப்பாளரை அழைக்க வேண்டும், அவருக்குக் காசு தர வேண்டும். அதனால் யாரும் மாற்றவில்லை. படத்தை எடுத்துவிட்டுச் சாதாரண எழுத்தாலான அட்டவணை போட்டோம். அவ்வளவு எளிய வேலைதான், ஆனால் மொத்தத் திட்டத்தில் மிக அதிகமாகப் பாராட்டப்பட்டது அதுதான்.

பயனர் ஆய்வுக்குப் பணமும் இல்லை, ஆட்களும் இல்லை. என்ன செய்வது?

வரவேற்பு மேசைக்கு எதிரே இருக்கும் பெஞ்சில் போய் உட்காருங்கள். அனுமதி வாங்கிக்கொண்டு, நீங்கள் யார் என்று சொல்லிவிட்டு, காலை ஏழு மணிக்கு உட்காருங்கள்.

மூன்றாவது வாரம் நான் அப்படி உட்கார்ந்த முதல் நாளே எல்லாம் மாறிவிட்டது. முதல் பஸ்ஸில் வந்திறங்கிய ஒரு பெரியவர் பரிசோதனைக் கூடத்தின் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எழுபது வயது இருக்கும். கையில் மடித்த மஞ்சள் பை. விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. ரத்தம் எடுக்கும் அண்ணன் இரண்டு தடவை ஊசி குத்தியும் நரம்பு கிடைக்கவில்லை. "தண்ணீர் குடித்தீர்களா பெரியவரே?" என்று கேட்டார். "முந்தின நாள் ராத்திரி ஏழு மணிக்குப் பிறகு ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை தம்பி. அப்படித்தானே சொல்லியிருக்கிறீர்கள்" என்றார் அவர்.

அவருக்கு எழுதியிருந்தது எச்பிஏ1சி பரிசோதனை. கடந்த இரண்டு மூன்று மாதங்களில் ரத்தச் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்று காட்டுவது. அதற்கு வெறும் வயிறு தேவையே இல்லை. இட்லி சாப்பிட்டுவிட்டே வந்திருக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடும் ஒருவர் அத்தனை நேரம் பட்டினி கிடந்தால் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கிவிடக்கூடும். தண்ணீர் குடிக்காததால் நரம்பும் ஒடுங்கிப்போயிருந்தது.

"யார் அப்படிச் சொன்னார்கள்?" என்று கேட்டேன். திருப்பூரில் வேலை செய்யும் அவருடைய மகள் மருத்துவமனையின் தளத்தைப் பார்த்துத் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார். தளத்தில் அந்த வரி இருந்தது: "இரத்தப் பரிசோதனைக்கு வருபவர்கள் 12 மணி நேரம் எதுவும் உட்கொள்ளாமல் வரவும்." கொழுப்புப் பரிசோதனைக்காக எப்போதோ எழுதியதை எல்லாப் பரிசோதனைக்கும் பொதுவாக யாரோ போட்டுவிட்டார்கள். அதைக் கணக்கெடுப்பில் நானும் படித்திருந்தேன். "உண்மையா?" என்ற கட்டத்தில் "ஆம்" என்றும் குறித்திருந்தேன். இலக்கணப் பிழை இல்லை, வாக்கியம் தெளிவாக இருக்கிறது என்பதால் ஆம் என்று போட்டேன். அந்தப் பெரியவரின் கையைப் பார்த்த பிறகு கணக்கெடுப்புத் தாளை முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினேன். "உண்மையா?" என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "உண்மை என்று யார் சொன்னார்?" என்று இன்னொரு கட்டம் சேர்த்தேன். ஆளின் பெயர் இல்லாவிட்டால் அது உண்மையல்ல என்று வைத்துக்கொண்டேன்.

அந்தச் சம்பவத்திலிருந்து எழுத்து நடைக்கு ஏதாவது பாடம் கிடைத்ததா?

கிடைத்தது. அதுவரை, படிப்பவரும் பயன்படுத்துபவரும் ஒரே ஆள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நம் ஊரில் அப்படி இல்லை. மகள் படிக்கிறாள், அப்பா பட்டினி கிடக்கிறார். பேரன் தேடுகிறான், பாட்டிக்குச் சொல்கிறான். பக்கத்து வீட்டுப் பெண் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார், அதை இன்னொருவர் வாய்விட்டுப் படிக்கிறார். வாக்கியம் பக்கத்திலிருந்து இறங்கி, ஒரு தொலைபேசி அழைப்பு முழுக்கப் பயணம் செய்து, இன்னொருவர் காதில் விழுந்த பிறகும் சிதையாமல் இருக்க வேண்டும்.

அதனால் ஒரு விதி வைத்துக்கொண்டேன். எழுதிய ஒவ்வொரு குறிப்பையும் என் அம்மாவிடம் தொலைபேசியில் ஒரே ஒரு தடவை படிப்பேன். பத்து நிமிடம் வேறு கதை பேசிவிட்டு, "நான் முன்னே சொன்னது என்ன?" என்று கேட்பேன். அம்மா திருப்பிச் சொன்னது வேறாக இருந்தால் தவறு அம்மாவுடையது அல்ல, வாக்கியத்துடையது. "தவிர்க்கவும்", "மேற்கொள்ளவும்", "உட்கொள்ளவும்" எல்லாம் இந்தச் சோதனையில் விழுந்தன. "சாப்பிடாதீர்கள்", "தண்ணீர் குடிக்கலாம்" இரண்டும் நின்றன.

எந்தச் சொற்களைப் பயன்படுத்துவது? தூய தமிழா, ஆங்கிலமா?

மக்கள் எதைச் சொல்லிக் கேட்கிறார்களோ அதை. மக்கள் எதைத் தேடும்போது நம் தளம் கூகுளில் வருகிறது என்று காட்டும் கருவி கூகுள் சர்ச் கன்சோல். அதில் கடந்த 16 மாதங்களின் தேடல்களைப் பார்க்க முடியும், கட்டணமும் கிடையாது. அதோடு வரவேற்பு அக்காவிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, மக்கள் கேட்ட கேள்விகளை அவர்கள் சொன்ன சொற்களிலேயே எழுதி வைக்கச் சொன்னேன். அந்த நோட்டில் "நீரிழிவு" என்று ஒருவர்கூடக் கேட்டதாக இல்லை. எல்லோரும் "சர்க்கரை". "ஸ்கேன்", "எக்ஸ்ரே", "ஈசிஜி" அப்படியேதான். "குருதி" என்று பழைய துண்டறிக்கை முழுக்க இருந்தது, கேட்டவர்கள் சொன்னது "ரத்தம்".

தமிழ் மீது எனக்குப் பற்று உண்டு. "குருதி" நல்ல சொல். ஆனால் உடம்பு சரியில்லாமல் கவலையோடு வருபவருக்கு நாம் சொல் கற்றுக்கொடுக்கும் நேரம் அதுவல்ல. மருத்துவர் எழுதித் தரும் சீட்டில் இருக்கும் பெயரும், மக்கள் வாயில் இருக்கும் பெயரும் இரண்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். "மூன்று மாதச் சர்க்கரை (சீட்டில் எச்பிஏ1சி என்று இருக்கும்)" என்று தலைப்பு வைத்தோம். சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தேடுபவருக்கும் கிடைத்தது, கேள்விப்பட்டு வருபவருக்கும் கிடைத்தது.

ஒரு பத்தியை எப்படி மாற்றினீர்கள் என்று காட்ட முடியுமா?

24 மணி நேரச் சிறுநீர்ப் பரிசோதனையைச் சொல்கிறேன். பழைய வாக்கியம் இது:

"24 மணி நேர சிறுநீர் மாதிரி சேகரிப்பின்போது முதல் மாதிரி தவிர்க்கப்பட்டு, ஏனைய அனைத்து மாதிரிகளும் சேகரிக்கப்பட்டு, மறுநாள் முதல் மாதிரியுடன் ஆய்வகத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும்."

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு வருபவர்களில் பலர் முதல் நாள் காலையில் முதலில் கழிந்ததையும் பிடித்துக்கொண்டு வந்தார்கள், அல்லது மறுநாள் காலையில் கழித்ததை விட்டுவிட்டார்கள். இரண்டுமே முடிவைக் கெடுக்கும். வயதான ஒருவரை ஒரு முழு நாள் கேனும் கையுமாக வீட்டிலேயே இருக்கச் செய்துவிட்டு, "மறுபடி செய்யுங்கள்" என்று சொல்வது எவ்வளவு கொடுமை!

முதலில் நான் எழுதிய திருத்தம் நன்றாகத்தான் இருந்தது என்று நினைத்தேன். பரிசோதனைக் கூடத்து அண்ணனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "கேனுக்குள் கொஞ்சம் தண்ணீர் மாதிரி இருக்குமே, அதைக் கொட்டிவிட்டுக் கழுவிக்கொண்டு வருகிறார்கள். சில பரிசோதனைகளுக்கு நாங்கள் ஊற்றிக் கொடுக்கும் அமிலம் அது. இதை எங்கே எழுதியிருக்கிறாய் பாப்பா?" என்றார். எங்கேயும் எழுதவில்லை. எந்தத் துண்டறிக்கையிலும் அது இல்லை. அவர் தலையில் மட்டும் இருந்தது. கடைசியில் தளத்தில் ஏறியது இது:

"பெரிய கேனை முந்தின நாளே எங்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள். கேனுக்குள் ஏதாவது திரவம் இருந்தால் அதைக் கொட்டாதீர்கள், கையில் படவிடாதீர்கள்.

காலை எழுந்ததும் முதலில் கழியும் சிறுநீரைக் கேனில் பிடிக்க வேண்டாம். அப்போது மணி என்ன என்று மட்டும் எழுதி வையுங்கள்.

அதற்குப் பிறகு பகலிலும் இரவிலும் கழியும் சிறுநீர் முழுவதையும் கேனில் சேருங்கள்.

மறுநாள் காலை அதே மணிக்குக் கழிவதையும் கேனில் சேருங்கள். அதோடு முடிந்தது. கேனைக் கொண்டுவாருங்கள்.

நடுவில் ஒரு தடவை விட்டுப்போனாலும் மறைக்காமல் சொல்லுங்கள்."

கடைசி வரியைச் சேர்க்கச் சொன்னதும் அந்த அண்ணன்தான். விட்டுப்போனதைச் சொன்னால் திட்டுவார்கள் என்று பயந்து மக்கள் மறைத்துவிடுவார்களாம். ஒரு நிறுவனத்தில் மிகச் சரியான உள்ளடக்கம் பெரும்பாலும் இப்படிக் கோப்பில் இல்லாமல், ஊழியர் ஒருவரின் அனுபவத்தில் இருக்கும். அவரோடு நான் உட்கார்ந்து பேசியது ஐந்தாவது வாரம். முதல் வாரமே பேசியிருக்க வேண்டும். யாரும் அவரை எனக்கு அறிமுகப்படுத்தவில்லை, நானும் கேட்கவில்லை. கூட்டத்துக்கு வந்தவர்களெல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர்கள்.

நிறுவனத் தலைவர் தம் படமும் வரவேற்புரையும் முகப்பில் வர வேண்டும் என்றால் எப்படி மறுப்பது?

மறுக்காதீர்கள். நான் மறுத்தேன், தோற்றேன். பிரிட்டன் அரசு 2012-இல் தன் முக்கியமான பழைய தளங்கள் இரண்டை மூடிவிட்டு கவ்.யூகே என்ற ஒரே தளத்தைத் தொடங்கியபோது, மக்களுக்கு எது தேவை என்பதை மட்டுமே முன்னால் வைத்தது என்று திரையில் போட்டு விளக்கினேன். தலைவர் ஐயா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது லண்டன் அம்மா, இது நம் ஊர்" என்றார். அவர் சொன்னதில் தவறில்லை. அவருடைய ஊரைப் பற்றி என்னிடம் ஒரு சான்றும் இல்லாமல்தான் பேசினேன்.

பிறகு வேறு வழியில் போனேன். ஒரு திங்கட்கிழமை காலை ஒரு மணி நேரம் வரவேற்பு மேசைக்குப் பக்கத்தில் வந்து உட்கார முடியுமா என்று கேட்டேன். வந்தார். தொலைபேசி ஓயவில்லை. "டாக்டர் இன்று வருவாரா?" "ஸ்கேனுக்கு எவ்வளவு?" "காப்பீட்டு அட்டை செல்லுமா?" வந்த அழைப்புகள் எல்லாமே இந்த மூன்றைச் சுற்றித்தான். எழுந்து போகும்போது அவரே சொன்னார்: "தொலைபேசி எண்ணையும் டாக்டர் நேரத்தையும் முதலில் போடுங்கள்."

அவருடைய உரையை நாங்கள் தூக்கி எறியவில்லை. அவருடைய அப்பா அந்த இடத்தை எழுதிக்கொடுத்த கதை அதில் இருந்தது. நன்கொடையாளர்கள் விரும்பிப் படிப்பார்கள். "எங்களைப் பற்றி" பக்கத்தில், கதையாகவே, முழுசாக வைத்தோம்.

வேலை பெருகிக்கொண்டே போனால்?

போகும். "அப்படியே ஃபேஸ்புக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள்", "பொங்கலுக்கு ஒரு வாழ்த்து அட்டை". எது உண்டு, எது இல்லை என்று முதல் நாளே ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். மாணவர் என்பதால் கூச்சப்பட வேண்டாம்.

காசு வாங்கலாமா?

உங்கள் கல்லூரி விதி என்னவோ அது. என்னுடையது இலவசம். பஸ் செலவை மட்டும் வாங்கிக்கொண்டேன். இலவசமாகச் செய்தாலும் வாடிக்கையாளரின் நேரத்துக்குக் கணக்கு வையுங்கள். சரிபார்க்க வாரத்துக்கு இரண்டு மணி நேரம் அவர்கள் தராவிட்டால் வேலை நகராது.

நோயாளிகளின் படங்கள், அனுபவப் பேச்சுகளைப் பயன்படுத்தலாமா?

அவர்களுடைய சம்மதம் எழுத்தில் இல்லாமல் கூடாது. பழைய தளத்தில் கண் முகாம் ஒன்றின் படங்கள் இருந்தன. கட்டுப் போட்ட கண்ணோடு பாட்டிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரிடமும் கேட்டதற்கான தாள் இல்லை. அன்றே எடுத்துவிடச் சொன்னேன். தனிநபரின் மின்னணுத் தகவல்களைப் பாதுகாக்க இந்தியாவில் 2023-இல் சட்டம் வந்திருக்கிறது என்பது ஒரு காரணம். அந்தப் பாட்டியின் இடத்தில் நம் பாட்டியை வைத்துப் பார்த்தால் சட்டமே தேவைப்படாது.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு எழுதினால் நேரம் மிச்சமாகாதா?

தலைப்புகளை அடுக்கிப் பார்க்க, நீண்ட கூட்டக் குறிப்பைச் சுருக்க உதவும். நோயாளிக்கான குறிப்பில் எச்சரிக்கை வேண்டும். அது எழுதும் தமிழ் தடங்கலில்லாமல் ஓடும். ஓடும் வாக்கியத்தைச் சரிபார்ப்பவர் நின்று படிப்பதில்லை. "12 மணி நேரம் உட்கொள்ளாமல் வரவும்" என்பதும் தடங்கலில்லாத வாக்கியம்தான். யார் எழுதினாலும் பரிசோதனைக் கூடத்தில் ஒருவர் படித்துக் கையெழுத்துப் போடாமல் எதையும் ஏற்றுவதில்லை என்று முடிவு செய்தோம்.

கடைசியில் என்ன ஒப்படைத்தீர்கள்? அறிக்கை எத்தனை பக்கம் இருக்க வேண்டும்?

அறுபத்திரண்டு பக்கம் ஒப்படைத்தேன். நிறம் பிரித்து, படம் வரைந்து, பொருளடக்கத்தோடு. மதிப்பெண் நன்றாகவே கிடைத்தது. இரண்டு வாரம் கழித்துப் போனபோது அது மேலாளர் அறையில், கொடுத்த உறையிலேயே இருந்தது. எனக்கு அழுகை வந்தது. ஆனால் மேலாளரைக் குறை சொல்ல முடியாது. காலை ஏழு மணியிலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் மனிதர் எந்த நேரத்தில் அதைப் படிப்பார்?

அன்று மாலையே வரவேற்பு அக்காவோடு உட்கார்ந்து ஒரே ஒரு தாள் தயாரித்தேன். எந்தப் பக்கம், யார் பொறுப்பு, என்ன நடந்தால் மாற்ற வேண்டும், மாற்றுவது எப்படி. ஆசிரியருக்கு அறுபத்திரண்டு பக்கம் தேவை, கொடுங்கள். வாடிக்கையாளருக்குச் சுவரில் ஒட்டும் தாள் தேவை. அதை முதல் வாரத்திலிருந்தே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாம் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?

மூன்றாவது நிலை என்று முதலில் சொன்னேனே, அது இதுதான். என் அறிக்கையில் "ஒவ்வொரு பக்கத்தையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபார்வை செய்க" என்று எழுதியிருந்தேன். எல்லா வழிகாட்டிகளிலும் அப்படித்தான் இருக்கும். சிறிய நிறுவனத்தில் அது நடக்காது. ஆறு மாதம் கழித்து வரும் ஒரு செவ்வாய்க்கிழமை யாருக்கும் எதையும் நினைவூட்டாது.

நினைவூட்டுவது சம்பவம்தான். அதனால் தேதிகளை எடுத்துவிட்டுச் சம்பவங்களை எழுதினோம். புதிய மருத்துவர் சேர்ந்தாலோ, ஒருவர் நாள் மாற்றிக்கொண்டாலோ, விடுப்புக் கடிதம் வாங்கும் கையே நேர அட்டவணையையும் மாற்ற வேண்டும். அது வரவேற்பு மேசை. கட்டணம் மாறினால், புதிய ரசீதுப் புத்தகம் அச்சுக்குப் போவதற்கு முன் தளம் மாற வேண்டும், அது கணக்காளர். புதிய கருவியோ புதிய பரிசோதனையோ வந்தால், முதல் நோயாளிக்கு ரத்தம் எடுப்பதற்கு முன் குறிப்பு ஏற வேண்டும். அது பரிசோதனைக் கூடம். ஏற்கனவே நடக்கும் வேலையின் வாலில் கட்டிவிட்டால் அதுவும் சேர்ந்து நடக்கிறது. தனியாக ஒரு கடமையாகக் கொடுத்தால் அது அநாதையாகிவிடுகிறது.

பொறுப்பில் ஆளின் பெயர் போடுவதா, பதவியைப் போடுவதா என்று ஒரு விவாதம் வந்தது. பதவியை அச்சிட்டு, இன்றைய ஆளின் பெயரைப் பென்சிலில் எழுத இடம் விட்டோம். பெயர் இல்லாவிட்டால் யாரும் தன்னுடையது என்று நினைப்பதில்லை. பெயரை அச்சிட்டுவிட்டால் அவர் வேலையை விட்டுப் போனதும் தாளே செத்துவிடும்.

பலனை எப்படி அளந்தீர்கள்?

பார்வையாளர் எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மருத்துவமனைத் தளத்துக்கு நிறையப் பேர் வருவது நல்ல செய்தியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இரண்டைப் பார்த்தோம். வரவேற்பு அக்காவின் நோட்டில் "வெறும் வயிற்றில் வர வேண்டுமா?" என்ற கேள்வி குறைகிறதா? பரிசோதனைக் கூடத்தில் "மறுபடி வாருங்கள்" என்று திருப்பி அனுப்புவது குறைகிறதா? இரண்டுக்கும் வேலை தொடங்குவதற்கு முன்பே எண்ணத் தொடங்க வேண்டும். நான் நடுவில்தான் தொடங்கினேன். அதனால் என் அறிக்கையில் ஒப்பிட்டுக் காட்ட வலுவான முன்கணக்கு இல்லை. நீங்கள் முதல் நாளே நோட்டைக் கொடுத்துவிடுங்கள்.

அதன்பிறகு அங்கே போனீர்களா?

தை மாதம் போனேன். அந்தத் தாளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தொலைபேசிக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். கணக்காளரின் பெயர் அழிக்கப்பட்டு வேறொரு பெயர் பென்சிலில் இருந்தது. முதல் பஸ்ஸின் நேரம் மாறியதால் ரத்தம் எடுக்கும் நேரம் ஏழிலிருந்து ஆறரைக்கு வந்திருந்தது. தளத்திலும் ஆறரை என்றே இருந்தது. அக்கா தம் கைப்பேசியிலேயே மாற்றியிருக்கிறார்.

வெறும் வயிற்றில் வர வேண்டிய பரிசோதனைகளின் பக்கத்தைத் திறந்தேன். சர்க்கரைக்கு எட்டு மணி நேரம், தண்ணீர் குடிக்கலாம், மாத்திரை பற்றி மருத்துவரைக் கேளுங்கள் என்று நான் எழுதியது அப்படியே இருந்தது. அதற்குக் கீழே நான் எழுதாத ஒரு வரி இருந்தது. அக்கா எழுதி, பரிசோதனைக் கூடத்தில் காட்டி ஏற்றியது: "வரும்போது கையில் நாலு இட்லி கட்டிக்கொண்டு வாருங்கள். ரத்தம் கொடுத்ததும் இங்கேயே உட்கார்ந்து சாப்பிடலாம்."